காசு கொடுத்த இடம் கண்ணில் படாமல் கிடக்கலாமா?



இடத்தின் அருமை வியாபாரிக்குத் தெரிவது போல மற்றவர்களுக்குத் தெரியாது. பத்துக்குப் பத்து கடையில் மளிகை முழுவதையும் அடுக்கி, பரணில் சோப்புப் பெட்டிகளை ஏற்றி, வாசலில் வெங்காய மூட்டையைச் சாய்த்து, கல்லாவுக்கு அடியிலும் நாலு எண்ணெய் டின்னைத் தள்ளி வைப்பவர்கள் நாம். கிடங்கில் ஒரு மூலை சும்மா கிடந்தால் மனசு கேட்பதில்லை. மாதாமாதம் வாடகை கொடுக்கிறோம் அல்லவா?

அதே நாம், கடைக் கம்ப்யூட்டருக்குள் விலை கொடுத்து வாங்கிய இடத்தில் பாதி பயன்படாமல் கிடந்தாலும் ஏன் என்று கேட்பதில்லை. திரையில் 'சி' டிரைவ் நிறைந்துவிட்டது என்று சிவப்புக் கோடு வந்தவுடன் மெக்கானிக்குக்குப் போன் செய்கிறோம். அவரும் வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, டிஸ்க் நிறைஞ்சு போச்சு, வேற போட்டுருவோம்" என்கிறார். பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். நிறைந்தது டிஸ்க்கா, டிஸ்க்கில் ஒரு அறையா என்று நாம் கேட்பதும் இல்லை, அவர் சொல்வதும் இல்லை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறியவர்களும், புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும், டிஸ்க்கை மட்டும் மாற்றியவர்களும் நம்மில் ஏராளம். மாற்றிய பின் உள்ளே இடம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆகவே இதைப் பற்றி நாம் தெரிந்துகொண்டதைச் சக வியாபாரிகளோடு பகிர்ந்துகொள்வது நல்லது என்று கருதுகிறோம்.

கிடங்கு ஒன்று, அறைகள் பல

ஹார்டு டிஸ்க் என்பது ஒரு பெரிய கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் சுவர் எழுப்பிப் பிரித்த அறைகளே பார்ட்டிஷன் என்பவை. ஒவ்வொரு அறைக்கும் ஓர் எழுத்து கொடுக்கிறார்கள். 'ஏ', 'பி' என்ற முதல் இரண்டு எழுத்துகள் அந்த நாளில் பிளாப்பி டிஸ்க்குக்குப் போய்விட்டன. பிளாப்பி மறைந்தும் வழக்கம் மாறவில்லை. அதனால்தான் இன்றும் நம் கணக்கு 'சி'யிலிருந்து தொடங்குகிறது.

சுவர் எழுப்பியதற்கு அன்று காரணம் இருந்தது. 1983-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.டி. கம்ப்யூட்டரில் இருந்த ஹார்டு டிஸ்க் வெறும் 10 எம்.பி. தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படத்துக்கே அது போதாது. பிறகு டிஸ்க்குகள் வேகமாகப் பெரிதாயின. ஆனால் டாஸ் முறையில் ஒரே அறை 2 ஜி.பி.க்கு மேல் போக முடியாது. அதற்கு மேற்பட்ட டிஸ்க்கை வாங்கினால் வெட்டித்தான் ஆக வேண்டும். அது மட்டுமல்ல, அறை பெரிதானால் அதற்குள் இருக்கும் பெட்டியும் பெரிதாகும். 2 ஜி.பி. அறையில் மிகச் சிறிய கோப்புக்கும் 32 கே.பி. ஒதுக்கப்பட்டது. கால் கிலோ சீரகத்தை முழுச் சாக்கில் போட்டு அட்டியில் ஏற்றுவது போன்ற வேலை அது. அறையைச் சிறிதாக்கினால் விரயம் குறையும் என்று 'சி', 'டி', 'இ', 'எஃப்' என்று பிரித்தார்கள்.

இன்று அந்த நிர்ப்பந்தம் இல்லை. இப்போதைய விண்டோஸ் முறையில் ஒரு பெட்டி வழக்கமாக 4 கே.பி. தான். அறையும் மிகப் பெரிதாக இருக்கலாம். இருந்தும் பழைய பழக்கத்தில் சிலர் டிஸ்க்கை நாலாக வெட்டிக் கொடுக்கிறார்கள். விண்டோஸும் பில்லிங்கும் டேலியும் எல்லாம் 'சி'யில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்க, 'இ'யிலும் 'எஃப்'பிலும் ஒரு சினிமாப் பாட்டுக்கூட இல்லாமல் காலியாகக் கிடக்கிறது.

எடை குறைந்ததா?

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். 500 ஜி.பி. என்று பில் போட்டு வாங்கிய டிஸ்க், கம்ப்யூட்டரில் 465 ஜி.பி. என்று காட்டுகிறது. 512 என்றால் 476 காட்டுகிறது. ஒரு டி.பி. என்றால் 931 காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜி.பி. என்றால் நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்டை ஒரு ஜி.பி. என்று கணக்கிடுகிறது. ஒரே அரிசியைப் படியால் அளந்தால் ஓர் எண், லிட்டரால் அளந்தால் வேறோர் எண். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவு வந்தபோது நம் தகப்பனார் காலத்து வியாபாரிகள் இந்தக் குழப்பத்தையெல்லாம் பார்த்தவர்கள்தான். சரக்கு குறையவில்லை, அளவுதான் வேறு. 500 ஜி.பி. டிஸ்க்கின் அறைகளை எல்லாம் கூட்டினால் 465 வருகிறதா என்று பாருங்கள். அதற்கும் கீழே போனால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இடம் எங்கே போகிறது?

நாம் பார்த்த வரையில் இடம் மூன்று வழியில் வீணாகிறது.

முதலாவது, அறையாகவே ஆகாத வெற்றிடம். நமக்குத் தெரிந்த ஒரு பருப்பு மண்டியில் 128 ஜி.பி. எஸ்.எஸ்.டி. நிறைந்துவிட்டதென்று 512 ஜி.பி. வாங்கிப் போட்டார்கள். போட்டவர் பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே நகலெடுத்து ஏற்றினார். நகல் என்றால் சுவர்களும் சேர்ந்தே நகலாகும். பழைய 'சி' எந்த அளவோ புதிய 'சி'யும் அதே அளவு. மீதி 350 ஜி.பி.க்கு மேல் எந்த எழுத்தும் இல்லாமல் வெறுமனே நின்றது. கம்ப்யூட்டரில் டிரைவ்களைத் திறந்து பார்க்கும் வழக்கமான பக்கத்தில் இப்படிப்பட்ட இடம் தெரியவே தெரியாது. மறுபடி சிவப்புக் கோடு வந்தபோது, டிஸ்க் சரியில்லை, இன்னும் பெரியது வேண்டும் என்று பேச்சு எழுந்தது. படித்துவிட்டு வந்த பேரன் ஒருவன் உள்ளே பார்த்துச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நாலு பங்கு இடம் வாங்கி ஒரு பங்கில் வியாபாரம் நடந்திருக்கிறது!

இரண்டாவது, ஓர் அறை நிறைந்து வழிய, அடுத்த அறை காலியாகக் கிடப்பது. இதை மேலே சொல்லிவிட்டோம்.

மூன்றாவது, நிறைந்த அறைக்குள்ளேயே இருக்கும் குப்பை. அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னில் கிடக்கும் வரை இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். விண்டோஸைப் புதுப்பித்தால் பழைய விண்டோஸ் தனி ஃபோல்டராகச் சில நாட்கள் நிற்கும், அதுவே பல ஜி.பி. இருக்கும். கைப்பேசியிலிருந்து இறக்கிய படங்கள், ஒரே விலைப்பட்டியலின் இருபது நகல்கள் என்று டவுன்லோட் ஃபோல்டர் முழுவதும் சாக்குத்தூசி. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ் என்ற பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று விண்டோஸே பட்டியல் போட்டுக் காட்டுகிறது. முதலில் இந்தப் பெருக்கலைச் செய்தாலே பாதிப் பேருக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

பார்ப்பதும் சேர்ப்பதும்

ஸ்டார்ட் பொத்தானின் மேல் மௌஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதைத் தொடுங்கள். கிடங்கின் வரைபடம் போல நீளக் கட்டங்கள் தெரியும். டிஸ்க் 0 என்பது ஒரு கிடங்கு. டிஸ்க் 1 இருந்தால் அது வேறு கிடங்கு. கட்டத்தின் மேல் நீலப் பட்டை இருந்தால் அது அறை. கறுப்புப் பட்டையும் அன்அலகேட்டட் என்ற சொல்லும் இருந்தால் அது யாருக்கும் ஒதுக்காத வெற்றிடம். பார்ப்பதால் எதுவும் கெடாது. பார்த்துவிட்டு, ஒரு துண்டுத் தாளில் அப்படியே வரைந்துகொண்டு, மூடிவிடுங்கள். அன்றைக்கு அது போதும்.

கறுப்பு இடம் 'சி'க்கு வலது பக்கம் ஒட்டியே இருந்தால் வேலை சுலபம். 'சி'யின் மேல் வலது பொத்தானை அழுத்தி எக்ஸ்டெண்ட் வால்யூம் என்பதைத் தொட்டால், இருக்கிற சரக்கைக் கலைக்காமலே 'சி' பெரிதாகிவிடும். கறுப்பு இடம் நடுவில் இல்லாமல் கடைசியில் தனியாக இருந்தால், அதற்கு 'இ' என்று ஓர் எழுத்து கொடுத்துத் தனி அறையாகவும் ஆக்கிக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே என்றால், ஒட்டியிருந்தால்தான் சேரும். நடுவில் வேறோர் அறை நின்றால் எக்ஸ்டெண்ட் என்ற சொல் மங்கலாகி வேலை செய்யாது. மேலே சொன்ன பருப்பு மண்டியில் நடந்தது இதுதான். விண்டோஸ் தன்னைப் பழுது பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் ரிகவரி என்ற சிறு அறை 'சி'க்கும் வெற்றிடத்துக்கும் நடுவில் நின்றது. அதை நகர்த்தத் தனி மென்பொருள் உண்டு. ஆனால் அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. பயன்படாத அறை என்று எண்ணி அதை அழித்துவிடக் கூடாது.

இன்னொன்று. 'டி' காலியாக இருக்கிறதே, அதைக் கொஞ்சம் சுருக்கி 'சி'யில் சேர்க்கலாம் என்று தோன்றும். சுருக்கினால் கிடைக்கும் இடம் 'டி'க்கு வலது பக்கத்தில் வரும், 'சி'யின் பக்கத்தில் வராது. ஆகவே நேராகச் சேராது. 'டி'யில் இருப்பதை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று சோதித்து, 'டி'யை நீக்கி, 'சி'யை வேண்டிய அளவு பெரிதாக்கி, மிஞ்சியதில் மறுபடி 'டி'யை உண்டாக்குவதுதான் முறை. இவ்வளவு எதற்கு என்பவர்கள் 'சி'யில் உள்ள படங்களையும் பழைய கோப்புகளையும் 'டி'க்கு மாற்றிவிட்டாலே போதும். சுவரை இடிப்பதை விட மூட்டையை அடுத்த அறைக்கு மாற்றுவது எளிது.

எதைச் செய்தாலும் யு.பி.எஸ். இல்லாமல் செய்யக் கூடாது. அறையை நகர்த்தும் நேரத்தில் கரண்ட் போனால் கணக்கே போய்விடும். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் பூட்டிய நிலையிலேயே வருகிறது. பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டுக்கு 48 இலக்கச் சாவி எண் உண்டு. டிஸ்க்கில் கை வைக்கும் முன் அந்த எண்ணைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நடுச்சுவர் காவல் ஆகாது

இனிச் சொல்வதுதான் முக்கியமானது. நம்மில் பலர், "டேலி பேக்கப் எல்லாம் 'டி'யில் இருக்கிறது, பயமில்லை" என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். 'சி'யும் 'டி'யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள். விண்டோஸ் கெட்டு 'சி'யை மட்டும் அழித்துப் புதிதாகப் போடும்போது 'டி' தப்பிக்கும், அது உண்மை. டிஸ்க்கே செத்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும். இரும்புப் பெட்டியின் மாற்றுச் சாவியை அதே இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர் கதைதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டேலி மென்பொருளைப் போடும்போது, நாம் மாற்றிச் சொல்லாவிட்டால், கணக்குகள் 'சி'யில் பப்ளிக் என்ற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். மெக்கானிக் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் நகலெடுத்துக்கொண்டு 'சி'யை ஃபார்மேட் செய்தால் கணக்கு அதில் வராது. பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால், அழித்த கோப்பின் மேல் வேறு எதுவும் எழுதப்படாத வரை திரும்ப எடுக்க ஓரளவு வழி இருந்தது. இப்போதைய எஸ்.எஸ்.டி.யில் அழித்த இடத்தை டிஸ்க்கே துடைத்துவிடுவதால், போனது பெரும்பாலும் போனதுதான்.

நம் கடன் பேரேடு அதில் இருக்கிறது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பது போனால் யாரிடம் போய் நிற்பது? வரி விவகாரம் அதை விடப் பெரிது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, அந்தந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டனுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2023-24 ஆண்டுக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. அந்த ஆண்டின் கணக்கை 2030 டிசம்பர் முடியும் வரை வைத்திருந்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்தால், விபத்தாலோ இயற்கையாலோ அழிந்தாலும் நியாயமான காலத்தில் மீட்கும்படி நகல் வைக்க வேண்டும் என்று விதிகளில் 57-ஆவது விதி சொல்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டது ஐயா என்று அதிகாரியிடம் சொன்னால், நகல் எங்கே என்றுதான் கேட்பார்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் வெள்ளம் வந்தது நமக்கு நினைவிருக்கிறது. கடைக்குள் தண்ணீர் புகுந்தால் அது 'சி' என்றும் 'டி' என்றும் பார்ப்பதில்லை. ஆகவே ஒரு நகல் வெளி டிஸ்க்கில், அந்த டிஸ்க் கடையில் அல்லாமல் வீட்டில். வாரம் ஒரு முறை கடை அடைக்கும்போது எடுத்துப் போனால் போதும்.

நமக்கு எதற்கு இது?

"இதெல்லாம் மெக்கானிக் வேலை, வியாபாரிக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மின்னணுத் தராசைச் செய்யத் தெரியாது நமக்கு. ஆனாலும் ஆண்டுதோறும் முத்திரை போட்டு, காலையில் படிக்கல்லை வைத்துச் சரிபார்க்கிறோம். லாரியை ஓட்டத் தெரியாது. ஆனாலும் லோடு எத்தனை மூட்டை என்று எண்ணித்தான் இறக்குகிறோம். அது போலத்தான் இதுவும். சுவர் எழுப்புவது அவர் வேலையாக இருக்கட்டும், எத்தனை அறை, எது காலி, கணக்கு எந்த அறையில் என்று தெரிந்துகொள்வது முதலாளியின் வேலை.

மெக்கானிக்குகள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் ஓடி வருகிற நல்ல பையன்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். கேட்காத முதலாளிக்கு யாரும் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். கேட்கும் வழக்கம் நம்மிடம் வர வேண்டும். புது டிஸ்க் போட்டாலோ, விண்டோஸ் மாற்றினாலோ, பில்லோடு ஒரு சீட்டும் கேட்டு வாங்குங்கள். டிஸ்க் எத்தனை ஜி.பி., அறைகள் என்னென்ன, ஒவ்வொன்றின் அளவு என்ன, ஒதுக்காத இடம் எவ்வளவு, கணக்கு இருக்கும் ஃபோல்டர் எது என்ற ஐந்து வரிகள் போதும். புது டிஸ்க்கில் 'சி'க்கு 150 ஜி.பி.க்குக் குறையாமல் விடச் சொல்லுங்கள். 256 ஜி.பி. போன்ற சிறிய டிஸ்க்காக இருந்தால் பிரிக்கவே வேண்டாம், ஒரே அறையாக இருக்கட்டும் என்பது நம் கருத்து. கழற்றிய பழைய டிஸ்க்கை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நம் வாடிக்கையாளர் கணக்கு முழுவதும் இருக்கிறது. பழைய இரும்பு விலைக்குப் போட வேண்டிய பொருள் அல்ல.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். தராசு முத்திரைக்கு முகாம் நடத்துவது போல, ஒரு ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, டிஸ்க் மேனேஜ்மென்ட் படத்தை உறுப்பினர்களுக்குத் திறந்து காட்ட ஏற்பாடு செய்யலாம். அரை மணி நேரம் போதும். மேலே சொன்ன ஐந்து வரிச் சீட்டை அச்சடித்து எல்லாக் கடைகளுக்கும் கொடுக்கலாம்.

அது நடக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலை கடை திறந்து, சாம்பிராணி போட்டு, வாடிக்கையாளர் வரும் முன், அந்தப் படத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். கறுப்புப் பட்டை இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்பாகக் கணக்கின் நகலை ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள். நகல் பத்திரமான பிறகு சுவரை எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம்.